கடைசிப் படத்தை முதலில் கீறவேண்டும்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. பஸ் யன்னல் முழுக்க நீர். துடைத்துத் துடைத்து கைலேஞ்சி நனைந்ததுதான் மிச்சம். நெல்லியடியில் நிரோஜன் ஏறினான், ஒரு கையில் லப்ரொப் பை, மறு கையில் மீன் றோல்ஸ். பையைத் தூக்கி என் மடியில் வைத்தான். கேட்கவுமில்லை. பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் மணம். வெட்கம் கெட்டவன்.

வகுப்பில் குழு முடிவாகிவிட்டது. நான், நிரோஜன், சுதன். இரண்டரை நிமிட அனிமேஷன். படிப்பிக்கிற சேரின் கட்டளை: இந்த மாதம் முழுக்கத் திட்டம் மட்டும். ஒருவரும் ஒன்றையும் அசைக்கக் கூடாது.

யாருக்கு என்ன வேலை:
நான் — ஆட்கள், காட்சிப் படங்கள். எல்லாம் கையால்.
நிரோஜன் — கொம்பியூட்டர், அசைவு, சத்தம், தேவையில்லாத கதை.
சுதன் — தேவையான கதை.

சுதன் மயிலிட்டிப் பெடியன். கதைப்பது குறைவு. முந்தின வருட வாடைக்காலத்தில் அவனுடைய அப்பா கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவனிடம் கேட்பதில்லை. நானும்தான்.

இன்று அவன் கதையைச் சொன்னான். கரையில் ஒரு மனுசி. விடிகிற நேரம். வள்ளங்கள் ஒவ்வொன்றாய் வருகின்றன. ஒன்று வரவில்லை. அவ்வளவுதான்.

நிரோஜன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"உம்மடை வீட்டுக் கதையோ?" கேட்டது நான்தான். என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"சொல்லுவன்."

எப்போது சொல்லுவான் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெப்ரவரி 5, வியாழன்

தொண்டை கரகரப்பு. மல்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன், பயனில்லை.

சேர் கதையைக் கேட்டார். நல்லது என்றார். பிறகு தன் வழமையான பாட்டைத் தொடங்கினார். "பஸ் எங்கை போகுது எண்டு தெரியாமல் ஏறுறவன் விசரன். கடைசிப் படத்தை முதல் கீறுங்கோ. பேந்துதான் மற்றதெல்லாம். முடிவில்லாத பிளானை என்னட்டைக் கொண்டு வரவேண்டாம்."

மதியம் மரத்தடியில் மூன்று பேரும் இருந்து கடைசிப் படத்தோடு மல்லுக்கட்டினோம்.

நிரோஜன்: "வள்ளம் வரட்டும் மச்சான். சனம் கை தட்டும்."

சுதன்: "வராது."

"அப்ப வராது எண்டே கீறுவம்."

"அப்பிடிக் கீறேலாது."

"ஏனடா?"

"அம்மா படத்தைப் பாப்பா."

"அப்ப என்னத்தைத்தான் கீறுறது? வள்ளம் பாதி வந்து பாதி வராமல் நிக்கிறதையோ?"

சுதன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். நிரோஜன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசிப் படம் இல்லாமலே மற்றப் படங்களைத் தொடங்குவது என்று முடிவு. சேருக்குச் சொல்லவில்லை.

பெப்ரவரி 7, சனி

வீட்டில். காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் பக்கத்து வளவில்.

மனுசியைக் கீறும் வேலை. சுதனிடம் அவன் அம்மாவின் படம் ஒன்று கேட்டிருந்தேன். அவர் படம் எடுக்க விடமாட்டாராம். வட்ஸ்அப்பில் பதில்: "மெலிஞ்சவ. கொண்டை. காதிலை சின்னத் தோடு." இவ்வளவு கஞ்சத்தனமாய் ஒரு மகன் தாயை விவரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் அம்மாவையே பார்த்துக் கீறினேன். அவர் குசினியில் இருந்து வெங்காயம் உரிக்க, நேரே, பக்கவாட்டில், பின்னால். "என்னடி என்னைச் சுத்திச் சுத்தி வாறாய்?" கண்ணுக்குக் கீழே குழி, தோள் இறக்கம், மெலிவு மட்டும் நானாகச் சேர்த்தேன். கழுத்து கீறுவது எனக்கு எப்போதும் தரித்திரம். பனிக்குப் போர்த்தியதுபோல ஒரு துவாயைச் சுற்றிவிட்டேன். வேலை மிச்சம். சட்டைக்கு நிறம் பேந்து பார்க்கலாம். முகத்தைப் பெரிதாக ஒரு படம். அது நன்றாய் வந்தது. எனக்கே நம்பமுடியவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

காலை ஆராதனை. பிரசங்கம் நீளம். முன் வாங்கில் இருந்த பெண்களைக் கள்ளமாய்க் கீறினேன், கரையில் நிற்கும் மற்றப் பெண்களுக்காக. நல்ல முகங்கள் கிடைத்தன. அம்மா தொடையில் கிள்ளினார்.

பெப்ரவரி 10, செவ்வாய்

படங்களைக் குழுவுக்குக் காட்டினேன். நிரோஜன்: "ஆளிட்டை ஒரு துக்கம் இருக்கு. கெட்டிக்காரிதான்." இவன் வாயால் இது வருவது பெரிய காரியம்.

சுதன் பெரிய முகத்தை நெடுநேரம் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "இது நல்லா இருக்கு, பியூலா. ஒண்டும் மாத்த வேண்டாம்."

"உண்மையாவோ?"

"உப்பிடியே இருக்கட்டும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நிலம் தெரியவில்லை. சனிக்கிழமை மயிலிட்டிக்குப் போய்க் கடல் சத்தம் எடுப்பது என்று ஏற்பாடு. அதற்குள் நிரோஜன் என் படங்களை வரிசையாய் ஓடவிட்டு ஒரு மாதிரி ஓட்டம் செய்து வைப்பான்.

பெப்ரவரி 14, சனி

எழுதவே மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

மயிலிட்டி. இரண்டு பஸ் மாறி. நல்ல வெயில். துறைமுகத்தில் சத்தம் எடுத்தோம்: அலை, எஞ்சின், ஐஸ் உடைக்கிறது, காகம். நிரோஜன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்கைக் கடலுக்கு நீட்டிக்கொண்டு நிற்க, வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர், "தம்பி, கடல் என்ன சொல்லுதாம்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும்.

பிறகு சுதன் வீடு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்ப வந்து குடியேறியபின் கட்டியது, வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. அவனுடைய அம்மா வாசல் படலையில் நின்றார். மெலிந்தவர், கொண்டை, சின்னத் தோடு. சொன்னது பொய்யில்லை. அன்ரி என்று கூப்பிட்டேன். விளைமீன் குழம்பு, சொதி, கருவாட்டுப் பொரியல். "வடிவாச் சாப்பிடுங்கோ. ரவுணிலை உங்களுக்கு எங்கை நல்ல மீன்." நிரோஜனுக்கு மூன்றாம் தடவை சோறு.

"எங்கடை இவருக்கும் விளைமீன் எண்டால் உயிர்," என்றார் அன்ரி. "வந்தவுடனை அதைத்தான் கேப்பார்."

சுதன் சோற்றுக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை.

"எஞ்சின் பழுதாகி இந்தியாப் பக்கம் ஒதுங்கியிருப்பார் பிள்ளை. அங்கை பிடிச்சு மறியல்லை அடைச்சு வைச்சிருப்பினம். பெயர் விலாசம் சரியாக் குடுத்திருக்கமாட்டார், பாசை விளங்கினாலும் பயந்த மனுசன். எப்பிடியும் ஒரு நாளைக்கு விடுவினம்தானே."

நான், "ஓம் அன்ரி" என்றேன். வேறு என்ன சொல்வது.

சாப்பிட்டு முடிய நிரோஜன் லப்ரொப்பைத் திறந்தான். "அன்ரி, உங்களைத்தான் படம் எடுக்கிறம். பாருங்கோவன்." சுதன் தடுக்கவில்லை. தடுப்பான் என்று நினைத்தேன்.

அன்ரி நிலத்தில், லப்ரொப்புக்குக் கிட்ட இருந்தார். கரை. மனுசி பின்னால் திரும்பி நிற்கிறாள். "ஐயோ, இது என்ரை கொண்டை!" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். முதல் வள்ளம். இரண்டாவது. பிறகு அந்தப் பெரிய முகம்.

சிரிப்பு நின்றது. விரலை நீட்டித் திரையில் நெற்றி இருந்த இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். தொடவில்லை.

"பிள்ளை, நீரோ கீறினது?"

"ஓம் அன்ரி."

"என்னை ஏன் உப்பிடிக் கீறினீர்?"

"மூக்குப் பிழையோ அன்ரி?" என்று கேட்டேன். கடவுளே, மூக்குப் பிழையோ என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். அவர் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, வட்டமாய், அன்று காலை வைத்தது. திரையில் வெறும் நெற்றி. துவாய் மூடியதால் தாலியும் தெரியவில்லை. நிறம் போடாததால் சட்டையும் வெள்ளை.

"இல்லை அன்ரி... நான் மறந்து... இன்னும் நிறம் போடேல்லை..."

அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. சுதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருமாச் சேந்து முடிவெடுத்திட்டியளோ?"

'இல்லை' என்று ஒரு சொல். எந்தப் பிள்ளையும் சொல்லும். சுதன் எழுந்து கை கழுவப் போனான்.

அன்ரி குசினிக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம், கழுவினதையே திரும்பக் கழுவுகிற சத்தம். நாங்கள் போய்வருகிறோம் என்று சொன்னபோது வெளியே வரவில்லை. பஸ்ஸில் நிரோஜன் லப்ரொப் பையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

பெப்ரவரி 15, ஞாயிறு

கோயில். பாட்டு எது, ஜெபம் எது என்று தெரியாமல் எழும்பி எழும்பி இருந்தேன். முன் வாங்கு முழுக்க வெறும் நெற்றிகள். போன கிழமை கீறின முகங்களைத் திறந்து பார்த்தேன். அவையும் அப்படியே.

மத்தியானம், அம்மாவிடம்:

"நீங்கள் ஏன் பொட்டு வைக்கிறேல்லை?"

"உதென்ன புதுக் கேள்வி? எங்கடை ஆக்கள் வைக்கிறேல்லை."

"கலியாண வீட்டிலை கூட?"

"கலியாண வீட்டிலை கூடத்தான்."

"அப்பா இருக்கேக்கை கூட?"

"கொப்பா உங்கை விறாந்தையிலை பேப்பர் வாசிக்கிறார். உனக்கு என்ன விசரோ?"

பஸ்ஸில், சந்தையில், வகுப்பில் ஒவ்வொரு நாளும் எத்தனை பொட்டுப் பார்க்கிறேன். கண் பார்த்திருக்கிறது. கை மட்டும் வீட்டைப் பார்த்துக் கீறிவிட்டது. சைவ வீட்டுப் பிள்ளை யாராவது இதைக் கீறியிருந்தால் பொட்டைத்தான் முதலில் வைத்திருக்கும். எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. அன்ரி கையால் சாப்பிட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே அவருக்குப் புருசன் இல்லை என்று காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சுதனுக்கு மூன்று மெசேஜ். பார்த்திருக்கிறான். பதில் இல்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

சுதன் வந்தான். நேற்றுத் தொடக்கம் சித்தப்பா வீட்டில் இருக்கிறானாம். அம்மா அவனுடன் கதைப்பதில்லை. சோறு போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாராம். அவன் அதைச் சாப்பிட ஏலாமல் சித்தப்பாவிடம் போய்விட்டான்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தேத்தண்ணிக் கடையில் வாங்கில் இருந்து, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு. அப்போதுதான் படம் காட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. அவன் வாயெடுத்தது. பிறகு மூடியது.

"சுதன், நீர் அண்டைக்கே கண்டனீர்."

"ஓம்."

"பொட்டில்லை எண்டு."

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, இவ்வளவு நாளில் நான் கேட்ட அவனுடைய மிக நீளமான பேச்சு:

"சித்தப்பா கிழமைக்குக் கிழமை வாறார். கீரிமலையிலை செய்யவேண்டிய கிரியையளைச் செய்வம், அண்ணை அந்தரத்திலை நிக்கிறார், உவள் பெடியனையும் அந்தரத்திலை வைச்சிருக்கிறாள் எண்டு. அம்மா அவரைப் படலைக்குள்ளை விடுறேல்லை. நான் நடுவிலை. அவவுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது? எனக்கு வாய் வராது பியூலா. அதுக்குத்தான் இந்தக் கதையையே எடுத்தனான். படமா வந்தால் அவவே விளங்கிக்கொள்ளுவா எண்டு. பேந்து பாத்தால் கடைசிப் படத்தைக் கீறவும் பயமாக் கிடந்தது. நீர் அந்த முகத்தைக் கொண்டு வந்தனீர். ஒண்டும் சொல்லாமல் விட்டிட்டன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "நீ ஒரு கோழை," என்றேன். அவனை முதல்தடவையாய் 'நீ' என்றேன். "உன்ரை வாயாலை சொல்ல வேண்டியதை என்ரை கையாலை சொல்லுவிச்சனி. அந்த மனுசி என்னை என்னெண்டு நினைச்சிருக்கும்?"

"ஓம்," என்றான்.

திட்டினால் திருப்பித் திட்டுகிறவனோடு சண்டை பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்கிறவனை என்ன செய்வது? பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். அப்போது பின்னால் இருந்து சொன்னான், எனக்கில்லை, தேத்தண்ணிக்குச் சொல்வதுபோல: "கோயில்லை நிண்டு என்னத்தைக் கேக்கிறது எண்டே எனக்குத் தெரியேல்லை. திரும்பி வரோணும் எண்டோ, நல்ல இடத்துக்குப் போகோணும் எண்டோ."

திரும்பி வந்து இருந்தேன். கோபம் இன்னும் போகவில்லை. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தது.

பெப்ரவரி 19, வியாழன்

சேர்: "கடைசிப் படம் எங்கை?" இல்லை. "மாதக் கடைசிக்குள்ளை இல்லாட்டி வேற கதை எடுங்கோ. மூண்டு பேருமா என்ன செய்யிறியள்?" சுதன் வரவில்லை என்பதையே அவர் அப்போதுதான் கவனித்தார்.

நிரோஜன் தன் மாற்றுத் திட்டத்தைச் சொன்னான்: மாம்பழத்துக்கு அடிபடும் இரண்டு அணில். "ஆருக்கும் கரைச்சல் இல்லை. அணிலுக்கு அம்மா கோவிக்கமாட்டா."

"ஆளை விடும்," என்றேன். பிறகு யோசித்தால் அவன் சொல்வதிலும் பிழையில்லை. அந்த வீட்டுக் கதை எங்களுக்கு ஒரு பாடத்துக்கான புள்ளி. அவர்களுக்கு அப்படியில்லை.

ஆனால் அணிலைக் கீறிக் கொடுத்துவிட்டு, அன்ரியிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது. பின்னேரம் முழுக்க எல்லாப் படங்களையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு முகத்திலும் சிவப்புப் பென்சிலால் பொட்டு. சட்டைக்கு நீலம். துவாயை அழித்துக் கழுத்தைக் கீறினேன், தாலிக்கொடியோடு. கழுத்து கோணல்தான். பரவாயில்லை.

பெப்ரவரி 21, சனி

அம்மாவுக்கு லைப்ரரி என்று பொய். தனியாய் மயிலிட்டி.

அன்ரி படலையைத் திறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பி அனுப்பப்போகிறார் என்றே நினைத்தேன். "வெயில்லை நிக்காதையும். வாரும்."

அவர் கேட்குமுன்னே கொட்டிவிட்டேன். நாங்கள் வேதக்காரர் அன்ரி, எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வைக்கிறேல்லை, நான் அம்மாவைப் பாத்துக் கீறினனான், வேணுமெண்டு செய்யேல்லை, என்னை மன்னியுங்கோ. சுதன் கண்டும் பேசாமல் இருந்ததைச் சொல்லவில்லை. அது அவன் சொல்லவேண்டியது.

அன்ரி படங்களை ஒவ்வொன்றாய் வாங்கிப் பார்த்தார். "இப்ப சரி." அவ்வளவுதான். தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழும்பினேன்.

"இவரைக் கீறேல்லையோ?"

"இல்லை அன்ரி. வள்ளம் மட்டும்தான். சுதன் முகம் தரேல்லை."

"இரும். நான் தாறன். கீறும்."

போனில் ஒரு படம் காட்டினார். வள்ளத்தில் சாய்ந்து நிற்கிறார், கட்டையான உடம்பு, முழுப் பல்லும் தெரியச் சிரிப்பு, சுதனின் காது. இப்படிச் சிரிக்கிற மனிதருக்கா அந்தச் சுதன் பிறந்தான் என்று இருந்தது. ஸ்கெச் கொப்பியை விரித்துக் கீறினேன். அன்ரி எனக்குப் பக்கத்தில் பாயில். நன்றாகத்தான் வந்தது. நீட்டினேன்.

"அப்பிடியே இருக்கு," என்றார். கண் கலங்கினது. பிறகு, "ஆனால் உது அப்ப. இப்ப உப்பிடி இருக்கமாட்டார்தானே."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மறியல்லை என்ன சாப்பாடு குடுப்பினம்? கன்னத்தைக் கொஞ்சம் உள்ளுக்கு விடும்."

அழித்தேன். கன்னத்தை ஒடுக்கினேன்.

"தாடி வளந்திருக்கும். அங்கை ஆர் சேவ் எடுக்க விடுறது."

தாடி வைத்தேன்.

"உவ்வளவு கறுப்பில்லை. நரைச்சிருக்கும். யோசினைக்காரன். தலையும்."

நரைத்தேன். கண்ணுக்குக் கீழே குழி கேட்டார், வைத்தேன். கழுத்து எலும்பு தெரியவேண்டும் என்றார். அந்தத் தோள் உவ்வளவு நிமிர்ந்திராது, நிலத்திலைதானே படுக்கிறது. தோளை இறக்கினேன். அந்தச் சிரிப்பு என்ன செய்வது அன்ரி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஆரோடை சிரிக்கிறது? எடுத்துவிடும்." வாயை மூடினேன். அழிறப்பர் தேய்த்த இடத்தில் கடதாசி மெலிந்து பஞ்சாகிவிட்டது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சுதனைக் கோழை என்று ஏசினவள் நான்.

"இப்ப தாரும்."

கொப்பியிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிட்டப் பிடித்தார். கையை நீட்டித் தூரப் பிடித்தார். யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெளியே யாரோ எஞ்சின் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது பிடிக்கவில்லை, திரும்பத் திரும்ப இழுத்தார்கள்.

"பிள்ளை."

"ஓம் அன்ரி."

"இது ஆர்?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"இந்த மனுசன் வந்து படலையிலை நிண்டால், நான் ஆர் நீங்கள் எண்டு கேப்பன். ஆரைத் தேடுறியள் எண்டு கேப்பன்." குரலில் அழுகை இல்லை. ஏதோ கணக்குப் பிழைத்துவிட்டதுபோல, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. "எனக்கு இவரைத் தெரியாது."

"நான் பிழையாக் கீறிப்போட்டன் அன்ரி. திரும்பக் கீறித் தாறன்."

"இல்லை. நான் சொன்னபடிதானே கீறினனீர்."

போனை எடுத்து அந்தப் பழைய படத்தைத் திறந்தார். இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், அல்லது அவர் என் கையை. குளிர்ந்துபோய் இருந்தது.

பிறகு என் கையை விட்டு எழும்பினார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"போகேக்கை சுதனை வரச்சொல்லும். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லும். நான் சொன்னனான் எண்டு."

படலைவரை வந்துதான் வழியனுப்பினார். அந்தத் தாளை நான் திருப்பிக் கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

வெக்கை தொடங்கிவிட்டது. பஸ்ஸில் வியர்வை, புழுதி. நிரோஜனுக்கு இருமல். வாய் மட்டும் ஓயவில்லை. சேர் எங்களுக்கு ஒரு கிழமை கூடத் தந்திருந்தார். சுதன் வீட்டு விசயத்தை நிரோஜன் அவரிடம் தனியாய்ப் போய்ச் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. இவனுக்குள் இப்படியும் ஒருத்தன் இருக்கிறான்.

வகுப்புத் தொடங்கிப் பாதியில் சுதன் வந்தான். மொட்டை. மீசையும் இல்லை. காது இரண்டும் பெரிதாய்த் தெரிந்தது. எல்லோரும் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் குனிந்தார்கள். நிரோஜன் தள்ளி இருந்து இடம் விட்டான்.

சேர் கையிலிருந்த சோக்கை வைத்துவிட்டுத் திரும்பினார். பிறகு, வழமையான குரலில்தான்: "கடைசிப் படம்?"

சுதன் எழும்பினான். "கடைசி வள்ளமும் வந்து முடிய அவ எழும்பி வீட்டை போறா, சேர். பேந்து கரை மட்டும்."

"சரி. கீறுங்கோ."

அவ்வளவு நாள் மல்லுக்கட்டினது இவ்வளவுதான்.

வெளியே வந்தபிறகு சுதன் பையிலிருந்து, அவன் அப்பாவை நான் அழித்து அழித்துக் கீறின அந்தக் கடதாசியை எடுத்தான். மடிக்காமல், இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்திருந்தான். "அம்மா தந்துவிட்டவ. வீட்டிலை வைச்சிருக்கேலாதாம். கிழிக்கவும் மனமில்லையாம். உம்மட்டையே இருக்கட்டுமாம்."

"அவ எப்பிடி இருக்கிறா?"

"சாப்பிடுறா." கொஞ்சம் நின்று, "என்னோடை கதைக்கிறா."

வாங்கினேன். பொட்டில்லாததைக் கண்டும் பேசாமல் விட்டதை அம்மாவிடம் சொல்லிவிட்டாயோ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'ஓம்' என்றிருப்பான், எது உண்மையோ.

வீட்டுக்கு வந்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் வைத்தேன். முகம் கழுவிவிட்டு வர, அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆர் பிள்ளை உந்த மனுசன்? கன நாளாச் சாப்பிடாத ஆள் போலை இருக்கு, பாவம்."